கால அட்டவணை கொன்ற பகைகள்: காலேஜ் ஃபுட்பாலில் எந்த ரைவல்ரி தாங்கும்?

#1 நாலாவதுடவுன்

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் ரைவல்ரி, அதாவது பரம்பரைப் பகை, என்றதும் சத்தம், பேண்டு வாத்தியம், கோப்பை என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. என் கணக்கு வேறு. ஒரு பகை ஆட்டம் தலைமுறை தாண்டி நிற்க மூன்று வேண்டும்: ஆண்டுதோறும் தவறாத மோதல், மாறாத தேதி, தோற்றவர் கையை விட்டுப் போகும் ஒரு பொருள். முதலாவது போனால் மற்ற இரண்டும் நிற்காது.

நெப்ராஸ்கா – ஓக்லஹோமாவைப் பாருங்கள். 1971 தேங்க்ஸ்கிவிங் அன்று தரவரிசையில் முதல் இடமும் இரண்டாம் இடமும் மோதின. 35-31 என்று நெப்ராஸ்கா ஜெயித்தது. இன்றும் அதை நூற்றாண்டின் ஆட்டம் என்கிறார்கள். 1996-இல் பிக் எய்ட் கான்ஃபரன்ஸோடு (தங்களுக்குள் ஆடும் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) நான்கு டெக்சஸ் அணிகள் சேர்ந்து பிக் 12 ஆனது. வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரித்தார்கள். நெப்ராஸ்கா வடக்கு, ஓக்லஹோமா தெற்கு. எதிர்ப் பிரிவு அணியோடு இரண்டு வருடம் ஆட்டம், இரண்டு வருடம் இடைவெளி என்பது ஏற்பாடு. 1998, 1999 இரண்டு வருடமும் இந்த ஜோடி மோதவில்லை. அத்தனை காலப் பகை, அட்டவணையில் ஒரு காலிக் கட்டத்தில் போய் முடிந்தது. 2011-இல் நெப்ராஸ்கா பிக் டென்னுக்குப் போனபோது பிரிய அதிகம் மிச்சமில்லை.

இப்போது பிக் டென் கான்ஃபரன்ஸில் 18 அணி, எஸ்இசி (தென்கிழக்குக் கான்ஃபரன்ஸ்) என்பதில் 16. இந்த நெரிசலில் எது பிழைக்கும், எது சாகும்? காரணத்தோடு எழுதுங்கள்.

#2 கரிசல்காடு

என்னைக் கேட்டா ரைவல்ரி ரெண்டு வகைங்க. ஒண்ணு எல்லைச் சண்டை. மிச்சிகன் – ஒஹாயோ ஸ்டேட், மிசௌரி – கான்சஸ் மாதிரி. 1835-ல டொலீடோ நிலம் யாருக்குன்னு மிச்சிகனும் ஒஹாயோவும் படை திரட்டி நின்ன வரலாறே இருக்கு. இன்னொண்ணு பங்காளிச் சண்டை: ஒரே மாநிலம், ஒரே ஆபீஸ், ஒரே வீடு. அலபாமா – ஆபர்ன் அதுக்குத் தலை.

எல்லைச் சண்டைக்குக் கான்ஃபரன்ஸ் தயவு வேணும். பங்காளிச் சண்டைக்கு வேண்டாம். சாட்சி அயர்ன் பௌல், அதாவது அந்த அலபாமா – ஆபர்ன் ஆட்டம்தான். 1907-ல 6-6 டிரா. அடுத்த வருஷ ஒப்பந்தத்துல ஆட்டக்காரங்களுக்குத் தினப்படி 3 டாலரா 3.50 டாலரா, எத்தனை பேருக்கு, நடுவரை எங்கிருந்து கூப்பிடறதுன்னு தகராறு. அதுல நின்ன ஆட்டம் 41 வருஷம் நடக்கல. அப்படியும் பகை சாகல. மாநில சட்டமன்றமே தீர்மானம் போட்டு, ஆட வைங்கன்னு சொல்லுச்சு. 1948-ல பர்மிங்ஹாம் பூங்கா ஒண்ணுல நிஜமாவே ஒரு கைக்கோடாலியைக் குழி தோண்டிப் புதைச்சு சமாதானம் பண்ணிக்கிட்டாங்க. அன்னைக்கு அலபாமா 55-0. அந்த வருஷத்துலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு வருஷம்கூட விட்டுப் போகல.

அதனால பங்காளிச் சண்டை எதுவும் சாகாதுங்கறது என் கட்சி.

#3 ஏரிக்கரை

> பங்காளிச் சண்டை எதுவும் சாகாது

கரிசல் அண்ணே, இது இரண்டு இடத்தில் உடைகிறது.

ஒன்று டெக்சஸ் – டெக்சஸ் ஏ&எம். 1894-இல் தொடங்கியது. 2011-இல் ஜஸ்டின் டக்கர் கடைசி நொடியில் அடித்த ஃபீல்ட் கோலில் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பது) டெக்சஸ் 27-25. அதோடு ஏ&எம் எஸ்இசிக்குப் போனது; 13 வருடம் ஆட்டம் இல்லை. அங்கும் 2013-இல் சட்டமன்றத்தில் மசோதா வந்தது, நிறைவேறவில்லை. மறுபடி மோதியது 2024 நவம்பர் 30. அதுவும் டெக்சஸே எஸ்இசிக்குள் வந்துவிட்டதால்தான். டெக்சஸ் 17-7.

இரண்டாவது பெட்லம்: ஓக்லஹோமா – ஓக்லஹோமா ஸ்டேட். 1910 முதல் ஒரு வருடம்கூடத் தவறாமல் நடந்தது. நார்மனுக்கும் ஸ்டில்வாட்டருக்கும் சுமார் 130 கிலோமீட்டர்தான். 2023 நவம்பரில் ஓக்லஹோமா ஸ்டேட் 27-24 என்று வென்றது 118-ஆவது ஆட்டம். ஓக்லஹோமா எஸ்இசிக்குப் போய்விட்டதால் 119-ஆவது இன்னும் இல்லை.

காரணம் பணம் என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கட்டம் கட்டமாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். வழக்கமான சீசனில் 12 ஆட்டம். பிக் 12-இல் அதில் 9 கான்ஃபரன்ஸ் ஆட்டம். எஸ்இசியும் 2026 முதல் 9; அதற்கு மேல் வெளியிலிருந்து ஒரு பெரிய அணியோடும் ஆடியே தீர வேண்டும். மிச்சம் இரண்டு. அந்த இரண்டையும் சொந்த மைதானத்தில், சின்ன அணிக்குப் பணம் கொடுத்து வரவழைத்து ஆடுவார்கள், ஏனென்றால் டிக்கெட், பார்க்கிங், உணவுக்கடை வரும்படி எல்லாம் சொந்த ஊர் சனிக்கிழமையில்தான். அந்த ஒரு பெரிய அணி ஆட்டமும் பல வருடம் முன்பே, ‘ஒரு வருடம் உங்கள் ஊர், ஒரு வருடம் எங்கள் ஊர்’ என்று கையெழுத்தாகியிருக்கும். விலகினால் நஷ்டஈடு. ஆக இரண்டு பள்ளியும் மனதார விரும்பினாலும் ஒரே வருடத்தில் இரண்டு பேரிடமும் காலிக் கட்டம் அமைவது அபூர்வம்.

கான்ஃபரன்ஸ் மாறும் நாளிலேயே, பகை ஆட்டத்துக்கு ஒரு பத்து வருட ஒப்பந்தத்தையும் சேர்த்துப் போட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தக் கட்டம் வேறு யாருக்கோ போய்விடும்.

#4 பனிமூட்டம்

அட்டவணை சரி. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஆட்டம் நடந்தாலும் அதற்குக் கனம் இருக்குமா?

மிச்சிகன் – ஒஹாயோ ஸ்டேட்டின் இரண்டு வருடங்களை ஒப்பிடுகிறேன்.

1973. இரண்டும் தோல்வியே காணாமல் வந்து ஆன் ஆர்பரில் 10-10 டிரா. அப்போது பிக் டென்னில் ஒரே ஒரு அணிதான் பௌல் ஆட்டத்துக்கு (சீசன் முடிந்தபின் நடக்கும் சிறப்பு ஆட்டம்) போகலாம், ரோஸ் பௌல். யார் போவது என்று கான்ஃபரன்ஸின் பத்துப் பள்ளிகளின் விளையாட்டு இயக்குநர்களும் வாக்களித்தார்கள். மிச்சிகன் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) டென்னிஸ் ஃபிராங்க்ளினுக்கு ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் காறை எலும்பு உடைந்திருந்தது. வாக்கு 6-4, ஒஹாயோ ஸ்டேட். 1972 முதல் 1974 வரை மூன்று சீசனில் மிச்சிகன் 30 வெற்றி, 2 தோல்வி, 1 டிரா. ஒரு பௌல்கூட இல்லை. அந்த இரண்டு தோல்வியும் டிராவும் ஒஹாயோ ஸ்டேட்டிடம். ஒரு சனிக்கிழமைக்கு அவ்வளவு எடை. 1975-இல்தான் மற்ற அணிகளும் பௌல் போகலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள்.

2024. கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட் 13-10 என்று தோற்றது. மிச்சிகனுக்கு அது தடுமாறிய வருடம். குவார்ட்டர்பேக் அன்று எறிந்ததே 62 யார்டு. ஒஹாயோ ஸ்டேட் எப்படித் தோற்றது? காயத்தால், முன்வரிசையில் நின்று தடுக்கும் சென்டரும் இடது டாக்கிளும் ஏற்கெனவே இல்லை. எதிரே மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்று இரண்டு மலை. அந்த மலையின் மேலேயே திரும்பத் திரும்ப ஓட்டம் விட்டார்கள்: 26 ஓட்டம், 77 யார்டு. வெளிப்பக்கம் ஜெரமையா ஸ்மித் போன்ற, எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் நிற்கும்போது நடுவில் முட்டியதுதான் பிழை. அதோடு இரண்டு இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்தது), தவறிய இரண்டு ஃபீல்ட் கோல். ஆட்டம் முடிந்து மிச்சிகன் ஆட்கள் நடுமைதானத்தில் கொடி நட்டபோது கைகலப்பு. இரு பள்ளிக்கும் தலா 1 லட்சம் டாலர் அபராதம்.

அதே ஒஹாயோ ஸ்டேட், 12 அணி பிளே-ஆஃப் (சாம்பியனை முடிவுசெய்யும் நாக்-அவுட் சுற்று) வந்துவிட்டதால் உள்ளே போனது. டென்னசியை 42-17, ஆரிகனை 41-21, டெக்சஸை 28-14, இறுதியில் நோட்டர் டேமை 34-23. தேசிய சாம்பியன். 1973 விதியில் அந்தத் தோல்வியோடு சீசன் முடிந்திருக்கும். கனம் குறைந்துவிட்டது என்பதற்கு வேறு என்ன ஆதாரம் வேண்டும்?

#5 செந்தூரம்

பனிமூட்டம் சார், கனத்தைப் பிளே-ஆஃப் தராசில் மட்டும் நிறுக்கிறீர்கள். 2021-இல் 42-27, 2022-இல் 45-23, 2023-இல் 30-24, 2024-இல் 13-10. மிச்சிகனிடம் நான்கு வருடம் தொடர் தோல்வி. சாம்பியன் கோப்பை வாங்கிய பிறகும் ஒஹாயோ ஸ்டேட் கோச் ரையன் டே முன்னால் வைக்கப்பட்ட கேள்வி மிச்சிகனை எப்போது ஜெயிப்பீர்கள் என்பதுதான். 2025-இல் ஆன் ஆர்பரில் 27-9 என்று வென்ற பிறகே அது ஓய்ந்தது. கோப்பை வாங்கியும் ஆறாத ஒன்றைக் கனமில்லாதது என்று எப்படிச் சொல்வது?

#6 வேலிப்படல்

இரண்டு வருடமாகத்தான் பார்க்கிறேன். 2013 அயர்ன் பௌலில் ஆபர்ன் ஆள் ஓடியது 109 யார்டு என்கிறார்கள், பதிவில் 100 என்று இருக்கிறது. எது சரி? உதைத்துத் தவறிய பந்தை எடுத்து ஓடலாமா?

#7 கரிசல்காடு

ரெண்டும் சரிங்க. வரிசையாச் சொல்றேன்.

ஸ்கோர் 28-28. அலபாமா ஆள் டி. ஜே. எல்டன் ஆபர்னோட 38-ஆம் யார்டுல கோட்டைத் தாண்டினார். கடிகாரம் 0:00 காட்டுச்சு. வீடியோ பார்த்து ஒரே ஒரு செகண்டைத் திருப்பிக் கொடுத்தாங்க. அந்த ஒரு செகண்டுல 57 யார்டு ஃபீல்ட் கோலுக்குப் போச்சு அலபாமா.

ஃபீல்ட் கோல் உதை குறைவா விழுந்தா அது உயிருள்ள பந்து. கம்பத்துக்கு முன்னாடி, எண்ட் ஸோனுக்குள்ள (கோல் கோட்டுக்குப் பின்னாடி இருக்கிற பகுதி) விழுறதை எதிரணி பிடிச்சு ஓடலாம். பெரும்பாலும் யாரும் அங்க நிக்கமாட்டாங்க. ஆபர்ன், கிறிஸ் டேவிஸை எண்ட் ஸோன் பின்கோட்டுக்குப் பக்கத்துல நிறுத்தி வெச்சுது. இப்ப அலபாமா பக்கம் யார் களத்துல இருக்காங்கன்னு பாருங்க: உதைக்கிறவர், பந்தைப் பிடிச்சு வைக்கிறவர், மத்தவங்கள்ல பெரும்பாலும் கனமான லைன்மேன்கள். அவங்க வேலை நெருக்கமா நின்னு சுவர் கட்டுறது. துரத்திப் பிடிக்கிற ஆளுங்க இல்ல. டேவிஸ் இடது ஓரமா திரும்பினதும், அந்தக் கூட்டத்துல கால் வேகம் இருந்தவங்க ரெண்டு மூணு பேர்தான். ஆபர்ன் 34-28.

109-ங்கறது கால் ஓடின தூரம். கல்லூரிப் புள்ளிவிவர விதிப்படி எண்ட் ஸோனுக்குள்ள ஓடினது கணக்குல வராது. கோல் கோட்டுலேர்ந்துதான் எண்ணுவாங்க. அதனால அதிகபட்சம் 100.

#8 ஏரிக்கரை

விதி பேச்சு வந்ததால் இன்னொன்று. ஃப்ளாய்ட் ஆஃப் ரோஸ்டேல் கோப்பைக்கான அயோவா – மினசோட்டா ஆட்டம், 2023 அக்டோபர் 21. மினசோட்டா 12-10 முன்னிலை, ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. மினசோட்டா பன்ட் (பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் உதை) உதைக்க, பந்து தரையில் துள்ளிக்கொண்டு வருகிறது. அயோவாவின் கூப்பர் டெஜீன் வலது கையால் ‘விலகுங்கள்’ என்று காட்டுகிறார், இடது கையை இடுப்பு உயரத்தில் இப்படியும் அப்படியும் அசைக்கிறார், பிறகு பந்தை எடுத்து 54 யார்டு ஓடி டச்டவுன். மைதானம் எழுந்து நிற்கிறது. ஓடும்போது கோட்டில் கால் பட்டதா என்று பார்க்கப் போன வீடியோ நடுவர், அந்த இடது கை அசைவைப் பார்த்தார்.

விதி இதுதான்: ஃபேர் கேட்ச் (ஓடாமல் பந்தைப் பிடிக்க மட்டும் செய்வது) என்றால் தலைக்கு மேல் கையை நன்றாக அசைக்க வேண்டும். அப்படி முழுமையாகச் செய்யாமல் எந்த வகையில் கையை அசைத்தாலும் அது செல்லாத சைகை. செல்லாத சைகை காட்டினால் பந்தை எடுத்த இடத்திலேயே ஆட்டம் நிற்கும், ஓட முடியாது. டச்டவுன் ரத்து. மினசோட்டா வெற்றி, 2014-க்குப் பிறகு முதல்முறையாகப் பன்றி அவர்கள் ஊருக்குப் போனது.

பன்றி என்பது வெண்கலப் பன்றி. அது வந்த காரணத்தைச் சொல்லியாக வேண்டும். 1934 ஆட்டத்தில் அயோவாவின் கறுப்பின ஆட்டக்காரர் ஆஸி சிம்மன்ஸை மினசோட்டா ஆட்கள் அடித்த அடியில் அவர் வெளியேற வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் இதை நடுவர்கள் பொறுத்தாலும் எங்கள் கூட்டம் பொறுக்காது என்ற பொருளில் அயோவா கவர்னர் பேசினார். கலவரம் வரும் போலிருந்தது. மினசோட்டா கவர்னர் ஃப்ளாய்ட் ஓல்சன், உங்கள் பன்றிக்கு எங்கள் பன்றி பந்தயம் என்று தந்தி அடித்துச் சூட்டைத் தணித்தார். மினசோட்டா 13-6. உயிருள்ள பன்றியே போய்ச் சேர்ந்தது; பிறகு வெண்கலத்தில் வார்த்தார்கள், 98 பவுண்டு. சிம்மன்ஸுக்கு நடந்ததைச் சொல்லாமல் பன்றியை மட்டும் சொல்வது பாதிக் கதை.

#9 நாலாவதுடவுன்

கேட்ட கேள்விக்கு வருவோம். பிக் டென் 2024 முதல் 12 ஜோடிகளை மட்டும் ஆண்டுதோறும் மோத வேண்டும் என்று பாதுகாத்து வைத்திருக்கிறது. அயோவாவுக்கு மூன்று: மினசோட்டா, நெப்ராஸ்கா, விஸ்கான்சின். மிச்சிகனுக்கு இரண்டு: ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் ஸ்டேட். பென் ஸ்டேட்டுக்கு ஒன்றுமே இல்லை.

வெளியே நிற்பது எது தெரியுமா? மிச்சிகன் – மினசோட்டா குடம். 1903-இல் மினியாபொலிஸுக்குப் போன மிச்சிகன் கோச் ஃபீல்டிங் யோஸ்ட் அந்த ஊர்த் தண்ணீரை நம்பாமல், 30 சென்ட் கொடுத்து ஐந்து கேலன் மண் ஜாடி ஒன்றை வாங்கிவரச் சொன்னார். ஆட்டம் 6-6, கூட்டம் களத்துக்குள் பாய்ந்ததால் முன்னதாகவே நின்றது. ஜாடியை விட்டுவிட்டுப் போனார்கள். வேண்டுமென்றால் ஜெயித்து எடுத்துக்கொள்ளுங்கள் என்பது மினசோட்டா பதில். காலேஜ் ஃபுட்பாலில் கைமாறும் கோப்பைகளில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. 2025-இல் ஆட்டம் இல்லை. ஜாடி கண்ணாடிப் பெட்டியில். நெப்ராஸ்கா – ஓக்லஹோமா போன அதே பாதை. எனக்கு இதில்தான் மிகுந்த வருத்தம்.

எஸ்இசி கணக்கு பரவாயில்லை. 2026 முதல் ஒவ்வொரு அணிக்கும் மூன்று நிரந்தர எதிரிகள். மற்ற 12 அணிகளில் வருடத்துக்கு ஆறு பேர், அதாவது இரண்டு வருடத்தில் எல்லோரோடும் ஒரு முறை, நான்கு வருடத்தில் எல்லா ஊருக்கும் ஒரு பயணம். டெக்சஸுக்கு ஓக்லஹோமா, ஏ&எம், ஆர்கன்சா மூன்றும் கிடைத்துவிட்டன. பிக் டென்னும் ஆளுக்கு மூன்று என்று கொடுத்தால் ஜாடிக்கு இடம் கிடைக்கும்.

#10 செந்தூரம்

பகை எல்லை மீறுவதையும் பேச வேண்டாமா? 2010 அயர்ன் பௌலில் 24-0 பின்தங்கியிருந்த ஆபர்ன் 28-27 என்று ஜெயித்தது. அதன் பிறகு டூமர்ஸ் கார்னரில் இருந்த இரண்டு ஓக் மரங்களுக்கு அலபாமா ரசிகர் ஒருவர் விஷம் வைத்தார். ஆபர்ன் ஜெயிக்கும்போதெல்லாம் டாய்லெட் பேப்பர் சுருளை வீசி அலங்கரிக்கும் மரங்கள் அவை.

போட்டது டெபூதியூரான். இலையில் தெளிக்கிற மருந்தல்ல, மண்ணில் போடுவது. வேர் உறிஞ்சி மேலே அனுப்பும்; இலையில் ஒளிச்சேர்க்கை நின்றுபோகும். மரம் துளிர்விடும், இலை பழுத்து உதிரும், சேமித்த சத்தில் மறுபடி துளிர்விடும், மறுபடி உதிரும். அப்படியே வற்றிச் சாகும். மண்ணில் ஒரு வருடத்துக்கு மேல் தங்குவதால் தண்ணீர் விட்டுக் கழுவவும் முடியாது, பக்கத்தில் பரவும். மண்ணைத் தோண்டி எடுத்தார்கள், மிச்சத்தைப் பிடித்து வைக்கச் செயலூட்டிய கரி போட்டார்கள். காப்பாற்ற முடியவில்லை. 2013 ஏப்ரலில் வெட்டினார்கள். 2015-இல் நட்ட புது மரத்தில் ஒன்றில் 2016-இல் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) ஆட்ட இரவில் யாரோ பேப்பருக்குத் தீ வைத்தார்கள். 2017-இல் மறுபடி நட்டார்கள்.

இதை ஆர்வக்கோளாறு என்று சொல்லித் தள்ளுவது தவறு. குற்றம், சிறைத்தண்டனையும் கிடைத்தது.

#11 பனிமூட்டம்

எந்த நெரிசலிலும் அசையாதது, அமெரிக்க ராணுவ, கடற்படைக் கல்லூரிகள் மோதும் ஆர்மி – நேவி. 1890-இல் ஆரம்பம். டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை. 2024-இல் ஆர்மி, நேவி இருக்கும் அமெரிக்கன் கான்ஃபரன்ஸிலேயே சேர்ந்தது. அப்போதும் இந்த ஆட்டத்தைக் கான்ஃபரன்ஸ் கணக்கில் சேர்க்கவில்லை, தேதியையும் நகர்த்தவில்லை. அட்டவணைக்கு வெளியே வைத்ததுதான் காப்பு. நாலாவதுடவுன் சொன்ன மாறாத தேதிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: இவர்கள் ட்ரிபிள் ஆப்ஷன் ஆடுவார்கள். ராணுவப் பள்ளியில் எடைக் கட்டுப்பாடு உண்டு, 300 பவுண்டு லைன்மேன்களை வரிசையாக நிறுத்த முடியாது. அதனால் எதிரணியில் இருவரைத் தடுக்காமலே விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக் முதல் ஆளைப் பார்ப்பார்; அவன், நடுவில் ஓடும் ஃபுல்பேக் மீது பாய்ந்தால் பந்தைத் தானே வைத்துக்கொள்வார், பாயாவிட்டால் ஃபுல்பேக்கிடம் கொடுப்பார். அடுத்த ஆள் தன்மேல் வந்தால் வெளியே ஓடும் மூன்றாமவருக்குத் தூக்கிப் போடுவார். விட்ட இரண்டு பேருக்குப் பதில் மற்றவர்கள் மேல் இரட்டை ஆள். எங்கே கெடும்? குவார்ட்டர்பேக் அரை நொடி தயங்கினால் ஃபுல்பேக் வயிற்றில் பந்து இருவர் கையிலும் மாட்டி நழுவும். கவனித்துப் பாருங்கள், தவறுகளில் பாதி அங்கேதான்.

2022 முதல் இடுப்புக்குக் கீழே விழுந்து தடுப்பது லைனை ஒட்டிய நடுப்பகுதியில் மட்டும் என்று விதி வந்தது. ஓரத்தில் சின்ன ஆள் பெரிய ஆளைக் காலில் விழுந்து சாய்க்க முடியாது. ஆர்மி 2023-இல் முறையையே மாற்றிப் பார்த்தது, 2024-இல் பழையதற்குத் திரும்பி கான்ஃபரன்ஸ் பட்டம் வாங்கியது.

முடிந்ததும் டிவியை அணைத்துவிடாதீர்கள். முதலில் தோற்ற பள்ளியின் பாட்டுக்கு இரு அணியும் சேர்ந்து நிற்கும், பிறகு வென்ற பள்ளியின் பாட்டுக்கு.

#12 வேலிப்படல்

நன்றி. பிளே-ஆஃபும் டிவி ஒப்பந்தமும் பெரிதாகத் தொடாத சின்னப் பள்ளிகளில் இப்படி ஏதாவது இருக்கிறதா?

#13 ஏரிக்கரை

இருக்கிறது. லீஹை – லஃபாயெட், பென்சில்வேனியா. அமெரிக்காவில் மிக அதிக முறை மோதிய ஜோடி இதுதான். 1884-இல் தொடக்கம், 2014-இல் 150-ஆவது ஆட்டத்தை யாங்கி ஸ்டேடியத்தில் வைத்தார்கள். பெத்லஹெமுக்கும் ஈஸ்டனுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. நடுவில் ஒரே ஒரு சீசன், 1896, விட்டுப் போனது: லஃபாயெட்டின் ஓர் ஆட்டக்காரர் காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியவர் என்று லீஹை ஆட மறுத்துவிட்டது. 2020 ஆட்டத்தைக்கூடக் கோவிட் காரணமாக 2021 வசந்த காலத்துக்குத் தள்ளி நடத்தினார்கள்.

கைமாறும் கோப்பை எதுவும் கிடையாது. ஜெயித்தவர்கள் ஆட்டப் பந்தை எடுத்துக்கொண்டு அதன்மேல் ஸ்கோரை எழுதி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

#14 நாலாவதுடவுன்

அப்படியானால் முதல் பதிவில் நான் சொன்ன மூன்றாவதை எடுத்துவிடுகிறேன். தோற்றவர் கையை விட்டுப் போக ஒரு பொருள் தேவையில்லை போலிருக்கிறது. 1884-லிருந்து இல்லாமலே நடக்கிறது.